மூன்றாம் வரிசை வேலுமணி

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நம் ஆபீசில் கொடுக்கும் முதல் வேலை எது என்று எனக்குத் தெரியும். நான் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆனாலும் அது மாறியிருக்காது. ஜாவாவில் ஒரு பக்கம், அதில் ஒரு டேபிள், ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஒரு லிங்க். வரிசையில் இருக்கும் விவரத்தை அந்த லிங்க்கில் பாராமீட்டராகச் சேர்த்து அடுத்த பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். "சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிச்சிடலாம்" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். நீங்களும் முடித்துவிடுவீர்கள்.

நானும் முடித்தேன். இருபத்தைந்து வருட அனுபவம் இருந்ததால் சாப்பாட்டுக்கு வெகு நேரம் முன்பே முடித்தேன். அந்த ஒரு லிங்க்கால் ஒரு ஏக்கர் பாகற்காய்ப் பந்தல் கருகப் பார்த்தது. ஒரு மனிதரின் வேலையும் போகப் பார்த்தது. இரண்டும் போகவில்லை. சொல்லப்போவது என் தப்பைப் பற்றித்தான். அதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். என் வேலைக் காலத்தில் நான் மிகவும் பெருமைப்படுகிற நாள் அதுதான்.

நான் எருத்தேன்பதிப் பக்கம் பிறந்தவள். அப்பாவுக்கு நாலு ஏக்கர் தோட்டம். எங்கள் பக்கம் தண்ணீருக்கு முறை உண்டு. இன்றைக்கு இவர், அவருக்குப் பிறகு அவர் என்று வரிசை போட்டு வைத்திருப்பார்கள். போட்ட வரிசைப்படி ஒரு நாளாவது நடந்ததா என்றால், இல்லை. ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவருக்குக் காய்ச்சல், மற்றொருவருக்குச் சந்தை. "ஏனுங்க, இன்னைக்கு உங்க முறைய எனக்குக் குடுங்க, நாளைக்கு நீங்க எடுத்துக்குங்க" என்று வரப்பில் நின்றபடியே மாற்றிக்கொள்வார்கள். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. மாற்றிக் கேட்டவருக்கு இல்லையென்று சொன்னவரை நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்று நம் கம்பெனிக்கு வந்தது. ஒரே தொட்டி, ஒரே மோட்டார். அதிலிருந்து முப்பது தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போகிறது. ஒவ்வொரு தோட்டத்தின் முகப்பிலும் மின்சாரத்தில் திறக்கும் வால்வு ஒன்று. கஞ்சிக்கோட்டு ஆலைகளுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்து பழகிய நமக்கு அந்த வால்வுகள் பெரிய விஷயமே இல்லை. பம்ப்ஹவுசில் இருக்கும் ஆபரேட்டர் கம்ப்யூட்டரில் பார்த்துத் திறக்க ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். "இது என் ஊர், நானே எழுதுகிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பக்கம் நன்றாகத்தான் வந்தது. அன்றைய முறை வரிசை ஒரு டேபிள். ஒவ்வொரு வரிசையிலும் தோட்டக்காரர் பெயர், எதிரே 'திற' என்று ஒரு லிங்க். முறை மாற்றிக்கொள்ளும் வழக்கம் எனக்குத் தெரியாதா? அதற்கும் ஒரு வசதி வைத்தேன். சங்கத்துச் செக்ரட்டரி தன் போனில் இரண்டு பெயரைத் தொட்டால் அவை இடம் மாறிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் தோட்டம் கண்ணில் படவேண்டும் என்று, எதைத் திறந்தாலும் அது தானாகப் பட்டியலின் தலைக்கு வரும்படியும் செய்தேன். விவசாயி மகள் எழுதியது என்று சங்கத்தில் எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

இனி லிங்க்குக்கு வருகிறேன். நான் அதில் இரண்டு விவரங்களை அனுப்பினேன். ஒன்று, வரிசை எண். இன்னொன்று, தோட்டக்காரர் பெயர். எண்ணை வைத்து, அந்த நேரத்தில் பட்டியலில் அந்த இடத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுடைய வால்வைச் சர்வர் திறக்கும். பெயரை வைத்து, "வேலுமணி தோட்டம் திறந்தது" என்று அடுத்த பக்கம் அழகாகப் பச்சை எழுத்தில் காட்டும். திறந்த தோட்டத்துக்கு 'மூடு' என்று ஒரு லிங்க் வரும், அதுவும் அதே எண்ணைத்தான் அனுப்பும். பெயர்தான் கையில் இருக்கிறதே, அதற்காக மறுபடி ஏன் டேட்டாபேஸ் வரை போக வேண்டும் என்று நினைத்தேன். சோம்பல்தான். அதற்குச் சிக்கனம் என்று பேர் வைத்துக்கொண்டேன். வால்வைத் திறக்கிற காரியத்தை, ஒரு வார்த்தை உறுதி கேட்காத வெறும் லிங்க்கில் வைக்கலாமா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். வைக்கக்கூடாது. அதற்கும் பிற்பாடு தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்போது டெஸ்டிங்குக்கு ஒரு பெண் சேர்ந்திருந்தாள். இடுக்கியில் கம்பம்மெட்டுக்காரி. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதனால் சொல்லவில்லை. என் பக்கத்தை நாள் முழுவதும் அமுக்கிப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, நான் இந்தப் பக்கத்தத் தொறந்து வச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்னு வைங்க. நான் அங்கிட்டுப் போன நேரம் பாத்து செக்ரட்டரி ரெண்டு பேர மாத்திப்புட்டாரு. நான் வந்து பழைய ஸ்கிரீன்லயே அமுக்குனா எது தொறக்கும்?"

"டீ குடிச்சிட்டு வந்தா ரெஃப்ரெஷ் பண்ணிட்டு அமுக்கணும்மா" என்றேன்.

அவள் போகவில்லை. "எங்க ஊரு ஏலக்கா ஸ்டோருல சீட்ட மூட்டையிலதான் கட்டுவாங்கக்கா. மூட்ட இருக்குற எடத்துல ஒட்ட மாட்டாங்க. மூட்டைய ஆளாளுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளி வப்பாங்கள்ல? நீங்க எடத்துல சீட்டு ஒட்டிருக்கீங்க."

நான் சிரித்தேன். "ஏலக்காயும் தண்ணியும் ஒண்ணா? அங்க ஒரே ஒரு ஆபரேட்டர்தான். அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். அவள் குறிப்பேட்டில் அதை எழுதி, கீழே "அக்கா சரியென்று சொல்லிவிட்டார்" என்றும் எழுதி வைத்தாள். அந்தக் குறிப்பு இன்றும் இருக்கிறது. நான்தான் அழிக்க விடவில்லை.

பக்கம் வேலைக்குப் போய் இரண்டு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆபரேட்டர் கனகராஜ் முன்பு லாரி ஓட்டியவர். ஒற்றை விரலால்தான் தட்டுவார். கம்ப்யூட்டரைப் பொட்டி என்பார். ஆனால் முப்பது தோட்டத்தின் குழாயும் எங்கே போகிறது, எங்கே வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் உப்பு. சொட்டும் ஓட்டைகளில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. அறுவடை முடிந்து வெறுமனே கிடக்கும் தோட்டமாகப் பார்த்து, அதன் குழாயில் ஆசிட் கலந்த தண்ணீரை விட்டு ஊறவைத்துக் கழுவுவார்கள். வெறும் மண் என்பதால் கொஞ்சம் காரமாகவே கலப்பார்கள். பயிர் நிற்கும் தோட்டத்துக்குள் அது போனால் வேர் வெந்துவிடும்.

தை மாதத்து முகூர்த்த நாள் அது. காலை பத்தரை இருக்கும். கனகராஜ் என் போனுக்கு அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்கக்கா, வேலுமணி தோட்டத்துக்கு ஆசிட் உட்டிருக்கறனுங்க. பொட்டில தொறந்துருச்சுன்னு பச்சையில காட்டுது. ஆனா தோட்டத்துல ஒரு சொட்டு வருலீங்க."

வேலுமணியின் தோட்டம் பம்ப்ஹவுசை ஒட்டியே இருக்கிறது. போன வாரம்தான் தக்காளிச் செடியைப் பிடுங்கி உழுது போட்டிருந்தார். தண்ணீர் வந்தால் கனகராஜின் கண்முன்னாலேயே மண் நனையும்.

இப்படிப்பட்ட போனுக்கு நம் எல்லோருக்கும் ஒரு பதில் மனப்பாடம். "மூடிட்டு மறுபடி திறந்து பாருங்க." ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்றும் "மூடிட்டு" வரைக்கும் வாய் வந்துவிட்டது. எதிர் மேசையிலிருந்த கம்பம்மெட்டுப் பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அன்று அவள் கேட்ட டீக் கேள்வி எனக்கு நினைவுக்கு வந்தது.

"கனகராஜு, ஒண்ணையும் அமுக்காதீங்க. கைய எடுங்க. இன்னைக்கு யாராச்சும் முறை மாத்தினாங்களா?"

"ஆமாங்க. சரசக்காவுக்குப் பொள்ளாச்சில காதுகுத்து. ஒம்பது மணிக்கே போகோணும்னு வேலுமணிகிட்ட முறை கேட்டாங்க. அவரு தாராளமா எடுத்துக்கங்கன்னுட்டாரு. செக்ரட்டரி அப்பவே போன்ல மாத்திட்டாருங்க."

"நீங்க பொட்டியத் தொறந்தது எப்போ?"

"அதுக்கு முன்னாலயேங்க. வந்ததும் தொறந்து வச்சுட்டு ஆசிட் கலக்கப் போயிட்டனுங்க."

எல்லாம் தெரிந்துபோயிற்று. அவர் முன்னால் இருந்தது பழைய ஸ்கிரீன். அதில் மூன்றாம் வரிசையில் வேலுமணி. சர்வரில் மூன்றாம் இடத்தில் அப்போது இருந்தது சரசக்கா. அவர் அமுக்கிய லிங்க் "மூன்று" என்று சொல்லிச் சரசக்காவின் வால்வைத் திறந்துவிட்டது. கூடவே "வேலுமணி" என்ற பெயரைக் கொண்டுபோய்ப் பச்சை எழுத்தில் காட்டியும் விட்டது. ஆசிட் போய்க்கொண்டிருந்தது சரசக்காவின் தோட்டத்துக்கு. அங்கே ஒரு ஏக்கர் பாகற்கொடி அப்போதுதான் பந்தல் ஏறத் தொடங்கியிருந்தது. போன வருடம் அந்த அம்மாவுக்குப் பயிர் முழுக்க நோயில் போய்விட்டது. இந்தப் பந்தலை நம்பித்தான் வீடே இருந்தது.

மூடச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். திறந்த தோட்டம் தலைக்குப் போகும்படி எழுதியவள் நான்தானே? சரசக்கா அதற்குள் முதல் வரிசைக்குப் போயிருப்பார். இப்போது மூன்றாம் இடத்தில் வேறு யாரோ. அந்தப் பக்கத்தில் 'மூடு' என்று அமுக்கினால் அந்த வேறு யாரோவின் வால்வு மூடும். "வேலுமணி தோட்டம் மூடியது" என்று ஸ்கிரீனும் சொல்லும். கனகராஜ் நம்பி உட்கார்ந்துவிடுவார். மறுபடி 'திற' என்று அமுக்கினால் இன்னொரு தோட்டத்துக்கும் ஆசிட் போகும். மனப்பாடப் பதிலை முழுதாகச் சொல்லியிருந்தால் அதுதான் நடந்திருக்கும்.

"தம்பி, ஆசிட் சரசக்கா தோட்டத்துக்குப் போகுதுங்க."

"பொட்டில வேலுமணின்னுதானுங்கக்கா போட்டிருக்குது?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒற்றை விரலால் தட்டினாலும் நான் சொல்லிக்கொடுத்தது போலவே தட்டுகிறவர் அவர்.

"பொட்டி பொய் சொல்லுதுங்க. நான்தான் பொய் சொல்ற மாதிரி எழுதி வச்சிருக்கறேன். பொட்டிய நம்பாதீங்க, நான் சொல்றதக் கேளுங்க. மொதல்ல ஆசிட் குழாய மூடுங்க. அடுத்து மோட்டார நிறுத்துங்க."

அந்த வாக்கியத்தை நான் இன்னும் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். "எங்கேயோ சின்னப் பிரச்சினை இருக்கும்போல, பார்க்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். நாம் அப்படித்தான் பேசிப் பழகியிருக்கிறோம். அப்படிச் சொல்லியிருந்தால் அவர் ஸ்கிரீனையும் தோட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். நான் எழுதியது தப்பு என்று முழுதாகக் கேட்டதும்தான் அவர் கம்ப்யூட்டரை விட்டு நகர்ந்தார்.

மோட்டார் சத்தம் நின்றது எனக்குப் போனிலேயே கேட்டது. ஆனால் அது போதாது. சரசக்காவின் தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. வால்வு திறந்தே கிடந்தால் குழாயில் இருப்பதெல்லாம் தானாக அங்கே இறங்கிவிடும்.

"அங்க போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?"

"தண்ணி போறதுக்குக் காமணி நேரமுங்க. தொறந்து பத்து நிமிசம் இருக்கும்."

"தோட்டத்து வால்வுல கைப்பிடி இருக்குதில்லீங்க? போய்க் கையால மூடுங்க. போன வச்சுடாதீங்க, சட்டைப் பையிலயே இருக்கட்டும்."

மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்புறம் வெறும் காற்றுதான். தை மாதத்தில் எங்கள் பக்கம் அடிக்கிற காற்று உங்களுக்கே தெரியும், போனில் அது லாரி இரைவது போலக் கேட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன். கம்பம்மெட்டுப் பெண்ணும் என் கையை விடவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் தன் குறிப்பேட்டில் அவள் எழுதியதை அப்போது அவள் எடுத்துக் காட்டியிருந்தால் நான் மண்ணுக்குள் போயிருப்பேன். அவள் காட்டவில்லை.

இந்த இடத்தில் எப்போதும் யாராவது ஒருவர் கேட்பார்: "நீங்களே ஆபீசிலிருந்து புதிதாகப் பக்கத்தைத் திறந்து, சரசக்காவுக்கு எதிரே 'மூடு' என்று அமுக்கியிருக்கலாமே?" அமுக்கியிருக்கலாம். அந்த நேரத்தில் அது வேலை செய்தும் இருக்கும், பிற்பாடு சர்வரின் பதிவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு நிமிடம் மிச்சமாகியிருக்கும். ஆனாலும் இன்றைக்கு அதே போன் வந்தால் நான் கையால் மூடத்தான் சொல்வேன். முகூர்த்த நாள், செக்ரட்டரி போனில் இன்னும் யார் யாரை மாற்றிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை பொய் சொன்ன பக்கத்தையே சாட்சிக்குக் கூப்பிடக்கூடாது. கையால் மூடிய வால்வைக் கண்ணால் பார்க்கலாம்.

"ஏனுங்கக்கா." மூச்சு வாங்கியது. "மூடிட்டனுங்க."

"நல்லா மூடியிருக்குதா?"

"கைப்பிடிய முறுக்கி, மேல ஒரு தடவ மிதிச்சும் பாத்துட்டனுங்க. சொட்டு நின்னுருச்சு."

"எவ்வளவு போயிருக்குது?"

அவர் மண்ணை எடுத்து முகர்ந்து பார்ப்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. "மேக்கு வரிசை ரெண்டுக்கு வந்துருச்சுங்க. மத்ததுக்கு நல்ல தண்ணிதான் போயிருக்குது. அந்த ரெண்டு வரிசைக்கு நான் கொடத்துல மோந்து ஊத்தி அலசுறனுங்க." அவரை யாரும் அலசச் சொல்லவில்லை.

அப்போதே நான் சரசக்காவுக்குப் போன் செய்தேன். காதுகுத்து வீட்டில் மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது. வேறு யார் வாயிலிருந்தும் அந்த அம்மாவுக்கு அது தெரியக்கூடாது என்று நினைத்தேன். இன்னார் பேசுகிறேன், உங்கள் பந்தலில் இரண்டு வரிசைக்கு ஆசிட் போய்விட்டது, தப்பு என்னுடையது, கனகராஜ் ஓடிப்போய் நிறுத்திவிட்டார், நான் கிளம்பி வருகிறேன் என்று சொன்னேன். "வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நாங்கள் இருவரும் பஸ் பிடித்துக் கிளம்பினோம். பாதி வழியில் நம் முதலாளி அழைத்தார். செக்ரட்டரி அவரிடம் பேசியிருக்கிறார். ஆபரேட்டர் கவனக்குறைவாக இருந்துவிட்டார், இன்று சாயங்காலமே அவரை நிறுத்திவிடப் போகிறோம் என்று சொன்னாராம்.

"பக்கத்துல இன்னும் ரெண்டு சங்கம் நம்மகிட்ட பேசிட்டிருக்கு, தெரியும்ல?" என்றார் முதலாளி. "பக்கத்தை ரெஃப்ரெஷ் பண்ணாம அமுக்கினது ஆபரேட்டர்தானே? அதை அப்படியே எழுதிக் கொடுத்துடுங்க. அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

பொய் இல்லைதான். அதுதான் அதில் இருந்த வசதி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பொய்யும் சொல்லாதவளாக வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் நல்ல மனிதர், நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர், அவருடைய பயமும் எனக்குப் புரிந்தது.

"அவர் பாத்ததைத்தான் அமுக்கினார் சார். நான் காட்டினதைத்தான் பாத்தார். எழுதறதா இருந்தா அப்படித்தான் எழுதுவேன்" என்றேன்.

"வேலையில இருக்கப் போறவங்க மாதிரி பேசல நீங்க."

"வேலையில இருக்கணும்னுதான் சார் இப்படிப் பேசறேன்."

சங்கத்து அறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். கனகராஜ் வெளியே நின்றுகொண்டிருந்தார். இரண்டு வரிசைக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியதில் வேட்டியெல்லாம் சேறு. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. செக்ரட்டரி ஆரம்பித்தார்: "கம்பெனிக்காரங்க வந்திருக்கறாங்க, மிஷின்ல கொழப்பம் ஒண்ணுமில்லீன்னு அவங்களே சொல்லீருவாங்க."

"கொழப்பம் இருக்குதுங்க" என்றேன். "மிஷின்ல இல்ல, நான் எழுதினதுல. கனகராஜ் வேலுமணின்னு பாத்து வேலுமணின்னு அமுக்கினார். நான் அதைக் கொண்டுபோய்ச் சரசக்காகிட்ட விட்டேன். முறை மாத்தறதுக்குப் பொத்தான் வச்சுக் குடுத்தவளும் நான்தான். மாத்தினா என்ன ஆகும்னு யோசிக்காம விட்டவளும் நான்தான். இந்தப் பொண்ணு ரெண்டு மாசம் முன்னாலயே சொன்னா, நான் கேக்கல. இன்னைக்கு அந்தப் பந்தல் நிக்குதுன்னா, கனகராஜ் பொட்டியப் பாக்காம மண்ணப் பாத்ததுதான் காரணம். அவர நிறுத்தறதா இருந்தா, உங்க முப்பது தோட்டத்துக்கும் நான் இனிமே பொறுப்பேத்துக்க மாட்டேனுங்க."

அறையின் பின்பக்கம் காதுகுத்துப் புடவையோடு சரசக்கா வந்து நின்றிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

"தோட்டத்துக்கு வா அம்மிணி" என்றார்.

பந்தலின் மேற்கு ஓரம் இரண்டு வரிசை வாடிக்கிடந்தது. மற்றதெல்லாம் பச்சையாகப் பற்றி ஏறிக்கொண்டிருந்தது. சரசக்கா வாடிய கொடி ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார்.

"ரெண்டு வரிசைதான? போவுட்டும். நான் காதுகுத்துக்குப் போகாம இருந்திருந்தா இது நடந்திருக்காதுன்னு ஆளாளுக்குச் சொல்லுறாங்க. முறை மாத்திக்காம எப்படிப் பொழைக்கறது? நீ பொறந்த அன்னைக்கு உங்கய்யனுக்குத்தான் முறை. தண்ணிய உட்டுட்டு எப்படி ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னு நின்னுக்கிட்டிருந்தாரு. எங்க மாமனாருதான், நீ போ, முறைய நான் மாத்திக்கறன்னு அனுப்பிச்சாரு. உனக்கு யாரும் சொல்லலியா?"

எனக்கு யாரும் சொல்லவில்லை. என் அப்பா சொல்லக்கூடிய ஆளும் இல்லை. நான் அந்தப் பந்தலுக்குக் கீழே நின்று அழுதேன், கம்பம்மெட்டுப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றுகூட நினைக்காமல் அழுதேன்.

"அழுகாத கண்ணு" என்றார் சரசக்கா. "உன்ர பொட்டிக்கு எங்க வழக்கத்தச் சொல்லிக் குடு, போதும்."

மறுநாள் சொல்லிக் கொடுத்தோம். வரிசை எண்ணை லிங்க்கிலிருந்து எடுத்தோம். ஒவ்வொரு வால்வுக்கும் மாறாத ஓர் எண் கொடுத்து, தகரத்தில் பெயின்ட் அடித்து, வால்விலேயே கம்பியால் கட்டினோம். ஏலக்காய் மூட்டையில் சீட்டுக் கட்டுவது போலத்தான். பட்டியலில் யார் எங்கே நகர்ந்தாலும் லிங்க்கில் போவது அந்தத் தகரத்தில் இருக்கும் எண். பெயரை லிங்க்கில் அனுப்புவதே இல்லை. அடுத்த பக்கம் அந்த எண்ணை வைத்து, இப்போது இது யாருடைய வால்வு என்று தானே கேட்டு எடுத்துக்கொள்ளும். எடுத்த பெயரைக் காட்டி, "திறக்கட்டுமா?" என்று ஆபரேட்டரிடம் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் திறக்கும். டேட்டாபேசுக்கு ஒரு நடை கூடுதல். போய்வரட்டும்.

சோதனையை நான் செய்யவில்லை, அவளைச் செய்யச் சொன்னேன். பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு என்னை டீக்கடைக்கு அனுப்பினாள். நான் போன பிறகு செக்ரட்டரியை நாலு தடவை முறை மாற்றச் சொன்னாள். திரும்பி வந்து பழைய ஸ்கிரீனிலேயே என்னை அமுக்கச் சொன்னாள். சரியாகத் திறந்தது. இன்னொரு டீக்கு அனுப்பினாள். அன்று ஆறு டீ குடித்தேன். உங்கள் கையில் இருக்கும் சோதனைப் பட்டியலின் கடைசியில் "டீ குடித்துவிட்டு வந்து அமுக்கிப் பார்க்கவும்" என்று ஒரு வரி இருக்கிறதே, அது விளையாட்டுக்கு எழுதியது என்று உங்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது அவள் எழுதியது. நீங்கள் தினமும் கையெழுத்து வாங்கப் போகிற உங்கள் டீம் லீடர் அவள்தான். கேள்வி கேட்டு வந்து நிற்கிற புதுப் பெண்ணைச் சிரித்து அனுப்பக்கூடாது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேசிக்கொண்டிருந்த இரண்டு சங்கங்களில் ஒன்று நம்மை விட்டுப் போய்விட்டது. அதையும் மறைக்க மாட்டேன். இன்னொன்று வந்தது. தப்பை ஒத்துக்கொள்கிற கம்பெனி என்று கேள்விப்பட்டு வந்தோம் என்றார்கள். முதலாளி அதை என்னிடம் சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, இன்னொரு முகூர்த்த நாளில், காலை பத்தரைக்குக் கனகராஜ் எண்ணிலிருந்து போன் வந்தது. பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். எதிர் மேசையில் அவளும் எழுந்து நின்றுவிட்டாள்.

"சொல்லுங்க தம்பி, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்கக்கா. இன்னைக்கு அஞ்சு பேரு முறை மாத்திக்கிட்டாங்க. நான் அஞ்சு தோட்டத்துக்கும் போய் மண்ணத் தொட்டுப் பாத்துட்டு வாறனுங்க. தண்ணி சரியாப் போகுது."

"அதச் சொல்லவா கூப்பிட்டீங்க?"

"ஆமாங்க. சரியாப் போகுதுன்னு யாராச்சும் சொல்லோணுமில்லீங்க?"

முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தேன். எத்தனையோ பேர் எனக்குப் போன் செய்திருக்கிறார்கள், எல்லாம் ஏதாவது கெட்டுப்போனபோது. சரியாக இருக்கிறது என்று சொல்வதற்காகவே போன் செய்தவர் அவர் ஒருவர்தான்.